பெயர் தெரியாத பழைய டைகாஸ்ட் (அச்சில் வார்த்த உலோக) பொம்மை விண்கலமா? முதலில் அடியைப் பாருங்கள்

பெயிண்டைச் சுரண்டும் ஆசையை அடக்கிக்கொண்டு, கலத்தைக் கவிழ்த்து டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடியுங்கள். டிங்கி, கார்கி மாதிரி பொம்மைத் தயாரிப்பாளரின் பெயரோ, நாட்டின் பெயரோ புடைப்பாகத் தெரியலாம். அங்கே இருக்கும் வருடம் பதிப்புரிமை வருடமாகவும் இருக்கலாம், அதைத் தயாரித்த வருடம் என்று நம்பிவிடாதீர்கள். எதுவுமே இல்லையா? ரிவெட், சக்கரம், ஏவுகணை செருகும் ஓட்டை எல்லாவற்றையும் படமெடுத்து, நீளத்தையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டு தேடுங்கள்.

உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவைதான். மயிரிழை விரிசலும் உப்பலும் இருந்தால் அது உலோகத்துக்குள்ளேயே நடக்கும் அரிப்பு, மருந்தே கிடையாது. மற்றபடி மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும், ஸ்டிக்கர் பக்கம் மட்டும் ஈரம் வேண்டாம். அப்புறம், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உப்புத்தாளை உலர்வாகத் தேய்க்காதீர்கள். என்னைக் கேட்டால், உதிர்ந்திருந்தாலும் அசல் பெயிண்ட்தான் அழகு.