சிங்க வேட்டைக் கோட்டா: பழைய பதிவேட்டைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தான்சானியா, மொசாம்பிக், ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் பணம் கட்டிச் சிங்கம் சுடுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. வேட்டைக்கென ஒதுக்கிய நிலப்பகுதிகளான வேட்டைத் தொகுதிகள் பலவற்றில் சிங்கங்களை எண்ண ஆளும் பணமும் இல்லாததால், கோட்டாவை, அதாவது ஓர் ஆண்டில் எத்தனை சிங்கம் சுடலாம் என்ற வரம்பை, முடிவுசெய்யக் கையில் இருப்பது பழைய வேட்டைப் பதிவேடு மட்டுமே.

அதில் சுட்ட எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதுதான் மிகப் பெரிய தவறு. ஆண்டுதோறும் 4 சிங்கம் கிடைக்கிறது என்பதால் எதுவும் குறையவில்லை என்று ஆகிவிடாது. முன்பு 8 நாளில் கிடைத்தது இப்போது 19 நாள் தேடினால்தான் கிடைக்கிறதென்றால், கூடுதல் அலைச்சல் சரிவை மறைக்கிறது. ஒரு சிங்கத்துக்கு எத்தனை வேட்டை நாள் என்றே கணக்கிட வேண்டும்.

அதிலும் வெறுங்கையோடு திரும்பியவர்களை விட்டுவிடக் கூடாது. நான்கு பேர் வந்து, ஒருவருக்கு 6ஆம் நாளும் இன்னொருவருக்கு 9ஆம் நாளும் கிடைத்தது, மற்ற இருவரும் 21 நாள் தேடித் தோற்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வென்றவர்களை மட்டும் எடுத்தால் சிங்கத்துக்கு 7.5 நாள், நால்வரையும் சேர்த்தால் 57 நாளுக்கு 2 சிங்கம், அதாவது 28.5 நாள். முதல் கணக்கை நம்பிய தொகுதி சீரழியும்.

தேடும் முறை மாறினாலும் கணக்கு பொய்க்கும். சிங்கத்தை ஈர்க்க இறைச்சி தொங்கவிடும் மரத்தில் கேமரா பொருத்தினால் நாள் குறையும், சிங்கம் பெருகியிருக்காது. மாறாக, 6 வயதுக்குக் குறைந்த ஆண் சிங்கத்தைச் சுடக் கூடாது என்ற விதி வந்தால் நாள் நீளும். ஆகவே வேண்டாம் என்று விட்ட ஆண்களையும் அன்றன்றே எழுதுங்கள். இந்த வயது விதியைத் தளர்த்தவே கூடாது: குட்டிகளைக் காக்கும் ஆண் செத்தால், புதிதாக வரும் ஆண் அந்தக் குட்டிகளைக் கொன்றுவிடும்.

தேசியப் பூங்காவை ஒட்டிய தொகுதிகளில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவைச் சுற்றி நடந்த வேட்டையில் எல்லையில் காலியான இடத்துக்குப் பூங்காவின் ஆண்கள் நகர்ந்து வந்தன. அப்படி வந்துகொண்டிருக்கும்வரை தேடும் நாள் அதிகரிக்காது, பூங்காவுக்குள்ளே மட்டும் சிங்கம் குறைந்துகொண்டே போகும்.

ஒரு நல்ல ஆண்டை வைத்துக் கோட்டாவை உயர்த்தாதீர்கள். 3 ஆண்டு சராசரி பாருங்கள். குறைப்பதற்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். சுடாமல் மீந்த கோட்டாவை அடுத்த ஆண்டில் கூட்டுவதும் தவறு. நம்பத்தக்க பதிவேடே இல்லாத தொகுதியில், தான்சானியாவுக்கு ஆய்வாளர்கள் பரிந்துரைத்த உச்சவரம்பிலிருந்து தொடங்கலாம்: 2,000 சதுர கி.மீ.க்கு ஆண்டுக்கு 1 சிங்கம்.