மியாட்டாவுக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றுவது: ஃபில்டரைக் கழற்றுவதுதான் வேலையே

ஆயில் மாற்றுவதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. பழையதை வடிக்கணும், ஃபில்டரை மாற்றணும், புதியதை ஊற்றணும், அவ்வளவுதான். ஆனால் முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நடுவில் சொன்ன அந்த ஃபில்டரைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் புலம்புவார்கள். 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான கார் இது, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றார்கள். என்னுடையது 1991 மாடல், 1.6 லிட்டர் எஞ்சின். மற்றபடி கை வைக்க இவ்வளவு எளிதான காரை நான் பார்த்ததில்லை, அந்த ஃபில்டரை மட்டும் யார் மேல் இருந்த கோபத்தில் அங்கே வைத்தார்களோ தெரியவில்லை.

வாங்க வேண்டியவை: 5 குவார்ட் ஆயில் கேன் ஒன்று (ஒரு குவார்ட் என்பது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு; 1.6 எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து 4 குவார்ட் கூடப் பிடிக்காது, மிச்சத்தை அவ்வப்போது ஊற்ற வைத்துக்கொள்ளலாம்), ஃபில்டர், டிரெயின் பிளக்குக்கு (ஆயிலை வடிக்க அடியில் கழற்றும் போல்ட்) ஒரு புது வாஷர். ஆயில் 10டபிள்யூ-30 தரத்தில் போட்டால் போதும், குளிர் அதிகமான ஊர் என்றால் 5டபிள்யூ-30. கருவி என்று பார்த்தால் 19 எம்எம் சாக்கெட், ஃபில்டரின் தலையில் தொப்பி மாதிரி உட்காரும் ரெஞ்ச், ஜாக், இரண்டு ஸ்டாண்ட், அகலமான தட்டு, புனல், நிறைய வேஸ்ட் துணி. துணி எவ்வளவு எடுத்து வைத்தாலும் பத்தாது, பழைய பனியன் ஒன்றையும் சேர்த்து வையுங்கள்.

முதலில் எஞ்சினை ஓர் ஐந்து பத்து நிமிடம் ஓட விடுங்கள். வெதுவெதுப்பான ஆயில்தான் அடியில் தங்கிய அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். அதற்காக நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்த கையோடு கீழே படுக்காதீர்கள், கை வெந்துவிடும்.

அப்புறம் தூக்குவது. கார் தரையோடு தரையாக இருப்பதால் சாதாரண ஜாக் உள்ளே நுழையாது. முன்சக்கரங்களை இரண்டு பலகை மேல் ஏற்றி நிறுத்தினால் அந்த ஓர் அங்குலம் கிடைக்கும். முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஜாக்கை வைத்துத் தூக்கி, பக்கவாட்டு விளிம்பில் அதற்கென்று இருக்கும் இடங்களில் ஸ்டாண்டை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக், பின்சக்கரத்துக்கு முட்டு, இரண்டும் கட்டாயம். ஏறி நின்ற காரை நன்றாக ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்கள், ஆடி விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீர்கள்.

மேலே ஆயில் மூடியைத் திறந்துவிட்டு, கீழே டிரெயின் பிளக்கைக் கழற்றுங்கள். ஆயில் நேராகக் கீழே விழாது, முதல் வீச்சில் சற்றுத் தள்ளிப் பாயும், தட்டை அதற்கேற்ப நகர்த்தி வையுங்கள். கடைசி மரையில் பிளக்கை உள்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றி, சட்டென்று இழுத்துவிட்டால் கை ஓரளவு தப்பிக்கும். சொட்டுச் சொட்டாக வரும்வரை விட்டுவிட்டு ஒரு காபி குடித்து வரலாம். திரும்ப மாட்டும்போது புது வாஷர் போட்டு, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். 22 முதல் 30 அடி-பவுண்டு இறுக்கம் போதும். வீரத்தைக் காட்டினால் மரை போய்விடும், அப்புறம் ஆயில் சட்டியையே மாற்ற வேண்டி வரலாம்.

சரி, இப்போது ஃபில்டர். காருக்குள் உட்கார்ந்து முன்னால் பார்த்தால் எஞ்சினின் வலப்பக்கம், இன்டேக் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்கள்) அடியில் ஒளிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. வலது முன்சக்கரத்தின் அருகில் மல்லாந்து படுத்து, மேல்நோக்கிக் கையை விட்டுத் தடவித்தான் கண்டுபிடிக்கணும். நான் அந்தச் சக்கரத்தையே கழற்றிவிடுவேன், ஐந்து நிமிடம் கூடுதலாகப் போனாலும் முழங்கைத் தோல் மிஞ்சும். ரெஞ்சால் லேசாக இளக்கியதும், ஃபில்டரை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடி, பையோடு சேர்த்தே கையால் சுற்றுங்கள். படுக்கைவாட்டில் சாய்ந்திருப்பதால் கழன்றதும் உள்ளே இருப்பதைக் கொட்டும், பை இல்லாவிட்டால் அது உங்கள் அக்குள் வரை வரும்.

கழற்றிய ஃபில்டரில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல்முறை பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரை இறுக்கிவிட்டேன். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் ஊற்றிய ஆயிலில் பாதி தரையில். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்கப் ஆயிலை உறிஞ்சப் பூனை மணலை (வீட்டுப் பூனை மலம் கழிக்க வைக்கும் மணல்) அள்ளிக் கொட்டிக் கூட்டியதுதான் மிச்சம். அதனால் உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்துத் துடைத்துவிட்டு, புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி மாட்டுங்கள். வளையம் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று, கையாலேயே. ரெஞ்சால் இறுக்கினால் அடுத்த தடவை கழற்றப் போவதும் நீங்கள்தான்.

ஊற்றும்போது 3 குவார்ட் ஊற்றி நிறுத்துங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஆயில் பிரஷர் ஊசியைப் பாருங்கள். சில நொடிகளில் ஏற வேண்டும், ஏறாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். 1994 வரை வந்த கார்களில்தான் அந்த ஊசி நிஜமாக அளக்கும். 1995-லிருந்து ஊசி மட்டும் இருக்கும், உள்ளே வெறும் சுவிட்ச், பிரஷர் இருக்கிறது இல்லை என்பதைத் தவிர வேறெதையும் சொல்லாது. வால்வுப் பக்கம் டிக் டிக் என்று கொஞ்ச நேரம் சத்தம் வந்தால் பயப்படாதீர்கள், வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தாலேயே சரிசெய்யும் ஹைட்ராலிக் அட்ஜஸ்டர்களில் ஆயில் நிறையும்வரை அப்படித்தான் அடிக்கும்.

அணைத்துவிட்டு, கீழே ஒழுகுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, காரைச் சமதரையில் இறக்கி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள எஃப் (நிரம்பியது) கோட்டைத் தொடும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் போதும், தாண்ட வேண்டாம். பழைய ஆயிலைக் காலிக் கேனில் பிடித்து, வாங்கிக்கொள்ளும் உதிரிபாகக் கடையில் கொடுத்துவிடுங்கள், பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள்.

மறுநாள் தரையில் சொட்டு தெரிந்தால் உடனே உங்கள் மேல் சந்தேகப்படாதீர்கள். சொட்டு எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் என்றால், பெரும்பாலும் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் பின்னால் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சரின் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கெட்டிப்பட்டுப் போயிருக்கும். இந்தக் கார்களுக்கு அது பரம்பரை வியாதி. ஓ-ரிங் விலை ஒன்றுமில்லை, ஆனால் கையை விடுவதற்கு அங்கேயும் இடம் கிடையாது.