குலுக்கலும் அலைச்சலும்: கார் சஸ்பென்ஷனை எந்த வரிசையில் சரிசெய்வது

முன்னால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொடுக்கும் உத்தரம்) உள்ள சாதாரண ஹேட்ச்பேக், குழியில் குலுக்குகிறது, வளைவிலும் அலைகிறது என்றால் உடனே ஸ்பிரிங்கை மாற்றாதீர்கள். இரண்டு குறையும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ஏதோ தேய்ந்திருக்கிறது.

முதலில் டயர். வண்டி சில மணி நேரம் நின்று டயர் ஆறிய பிறகு, ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றை வையுங்கள். சொகுசுக்காகக் குறைத்தால் டயரின் ஓரங்கள் தேயும், ஸ்டீயரிங் மந்தமாகும். 185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் 120 மி.மீ. அழகுக்காக 205/45 ஆர்17 போட்டால் அது 92 மி.மீ. ஆகிவிடும். அந்த 28 மி.மீ. இழப்பை எந்த ஷாக் அப்சார்பரும் ஈடுகட்டாது.

அடுத்து புஷ்கள், அதாவது இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறைகளும் அவற்றைச் சேர்ந்த மூட்டுகளும். சிறு மேடுகளில் கடகடவென்றால் ஸ்டெபிலைசர் பாரின் முனையை இணைக்கும் லிங்க் ராடையும், பிரேக் பிடிக்கும்போது டொக்கென்றால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷையும், நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளினால் ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பிடித்திருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட்டையும் பாருங்கள். புது லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தில் இருக்க வேண்டும். லிஃப்டில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும். ஓட்டமும் இறுகும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். அவசரத்தில் அதிகம் விட்டுப்போவது இதுதான். பக்கத்தில் நின்று கேட்டுச் செய்ய வையுங்கள்.

ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்தால் இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பம்ப் ஸ்டாப்பும் (முழுதாக அமிழும்போது இடியைத் தாங்கும் ரப்பர்) டஸ்ட் கவரும் புதிதாகவே போகட்டும். குமிழைத் திருப்பி, கிளிக் கணக்கில் விறைப்பைச் சரிசெய்யும் வகை என்றால் மிக மென்மையான நிலையில் தொடங்கி, இருபுறமும் 2 கிளிக் கூட்டி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். மேடு தாண்டியபின் வண்டி இரண்டாம் முறையும் எழும்பினால் ரீபவுண்ட் (ஸ்பிரிங் திரும்ப நீள்வதை ஷாக் அப்சார்பர் தடுக்கும் அளவு) போதவில்லை. தொடர் குழிகளில் படிப்படியாக அமிழ்ந்து இறுகினால் ரீபவுண்ட் அதிகம்: ஸ்பிரிங் நீள்வதற்குள் அடுத்த குழி வந்துவிடுகிறது. சொகுசும் பிடிப்பும் ஒத்துப்போகும் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடைக்கும்.

இன்னும் வளைவில் சாய்ந்தால் ஸ்டெபிலைசர் பார், அதாவது இடம், வலம் சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி. அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், 20 மி.மீ. கம்பியை 22 ஆக்கினால் சுமார் 46 சதவீதம் கூடும். இரு சக்கரமும் ஒன்றாக மேடேறும்போது பார் குறுக்கிடாது. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் மறுபக்கத்தையும் ஆட்டும். முன்புறம் மட்டும் தடிமனாக்கினால் வண்டி வளைவில் வெளிப்புறம் தள்ளும்.

ஸ்பிரிங் கடைசி. 30 சதவீதம் விறைப்பைக் கூட்டினால் வண்டி ஆடும் வேகம் 14 சதவீதம்தான் கூடும், ஆனால் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் வேண்டும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தவே கூடாது. வெட்டிய முனை ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் சரியாக அமராது. பம்ப் ஸ்டாப்புக்கான இடைவெளி குறைவதால் வளைவின் நடுவே அதில் இடித்து, டயர் பிடிப்பை இழக்கும். எந்த வழியில் உயரம் மாறினாலும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும். அலைன்மென்ட் பார்த்த பிறகே வேகமாக ஓட்டுங்கள்.