டிவி பொக்ஸில் கை வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஆண்ட்ராய்ட் டிவி பொக்ஸில் கோர்எலெக் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, அதிலுள்ள கோடி (Kodi) என்ற ப்ளேயரில் படம் பார்க்கும் வேலை இப்போது எளிதுதான். சில நூறு எம்பி டவுன்லோட், ஒரு மைக்ரோ எஸ்டி கார்ட், அதில் எழுத எட்சர் என்ற மென்பொருள். ஆனால் எளிதானது ஏற்றுவது மட்டும். உள்ளே எந்த சர்க்யூட் போர்ட், எந்த அடப்டர் என்று பார்ப்பது இன்னும் உங்கள் தலையில்தான். பொக்ஸ் சாவதும் அங்கேதான்.

ஸ்டிக்கரை நம்பாதீர்கள். வெளியே எஸ்905எக்ஸ்3 சிப், 4 ஜிபி ரேம் என்றிருக்கும். உள்ளே பழைய எஸ்905டபிள்யூ சிப்பும் 1 ஜிபியும் இருக்கும். செட்டிங்ஸில் தெரியும் எண்ணைக்கூட மாற்றி வைத்திருப்பார்கள். அடியிலுள்ள ரப்பர் கால்களைக் கழற்றினால் பெரும்பாலும் ஸ்க்ரூ தெரியும். திறந்து, போர்டில் அச்சிட்ட எண்ணையும் வைஃபை சிப்பின் எண்ணையும் ஃபோனில் படமெடுத்து வையுங்கள். ஒரே பெயர், ஒரே கூடு, உள்ளே வேறு போர்ட் என்பது இந்தச் சந்தையில் சாதாரணம். எஸ்905டபிள்யூவுக்கு கோர்எலெக் 9.2 வரிசையோடு நின்றுவிட்டது. புதியதை ஏற்ற மல்லுக்கட்ட வேண்டாம்.

அடுத்தது டிவைஸ் ட்ரீ, அதாவது பொக்ஸுக்குள் என்னென்ன இருக்கிறது என்று கோர்எலெக்குக்குச் சொல்லும் ஃபைல். கார்டில் எழுதியதும் ‘டிவைஸ் ட்ரீஸ்’ ஃபோல்டரைத் திறந்து, உங்கள் சிப், ரேம், லேன் வேகம் மூன்றுக்கும் பொருந்தும் ஃபைலை வெளியே கொப்பி செய்து ‘டிடிபி.ஐஎம்ஜி’ என்று பெயர் மாற்ற வேண்டும். விண்டோஸ் ஃபைல் பெயரின் வால் பகுதியை மறைத்து வைப்பதால், பெயர் ‘டிடிபி.ஐஎம்ஜி.டிடிபி’ ஆகிவிடும், பொக்ஸ் லோகோவோடு நிற்கும். முதலில் அந்த மறைப்பை எடுத்துவிடுங்கள். பிறகு கார்டைப் பொக்ஸில் போட்டு, ஏவி துளைக்குள் ஒரு மரப் பல்குச்சியை விட்டு, உள்ளே இருக்கும் பட்டனை அழுத்தியபடியே கரண்ட் கொடுங்கள். லோகோ வந்ததும் விடுங்கள். ஊசி வேண்டாம், துளைக்குள் ஷோர்ட் ஆகும். சில பொக்ஸ்களில் அந்த பட்டனே கிடையாது.

கார்டில் ஓடியதுமே உள் நினைவகத்துக்கு மாற்றிவிடும் அவசரம் பலருக்கும் உண்டு. கார்டில் இருக்கும்வரை, கார்டைப் பிடுங்கினால் பழைய ஆண்ட்ராய்ட் திரும்பி வரும். உள்ளே எழுதிய பிறகு அந்த வழி இல்லை. இரண்டு வாரமாவது வைஃபை, ரிமோட், சத்தம் எல்லாம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நெட்ஃப்ளிக்ஸ் முக்கியம் என்றால் உரிமம் பெற்ற பொக்ஸைத் தொடவே வேண்டாம். பொக்ஸை எழுப்பும் முதல் நிரலான பூட்லோடரைத் திறந்தால், படத் திருட்டைத் தடுக்கும் வைட்வைன் பூட்டின் உயர் தரமான எல்1 போய் எல்3 ஆகலாம்; பிறகு படம் 480பியில்தான். மலிவு பொக்ஸ்களின் கதை வேறு. பேட்பொக்ஸ் 2.0 என்ற தீநிரல் வலையில் 1 கோடிக்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்ட் கருவிகள் சிக்கியதாக 2025 ஜூலையில் கூகுள் வழக்குப் போட்டது. பொக்ஸோடு வரும் அடிப்படை மென்பொருளான ஃபேர்ம்வேரிலேயே ஒளிந்திருக்கும் தீநிரல் ஃபெக்டரி ரீசெட்டில் போகாது.

மென்பொருளால் செத்த பொக்ஸைப் பெரும்பாலும் எழுப்பிவிடலாம். கரண்டில் கருகியதை முடியாது. டிஷ் ரிசீவர், ரவுட்டர் அடப்டர்கள் பல 12 வோல்ட். டிவி பொக்ஸ்கள் பல 5 வோல்ட், 2 அம்பியர். இரண்டின் வயர் முனையும் ஒரே மாதிரி உருண்டை. மாற்றிக் குத்தினால் நொடியில் முடிந்தது. 5 வோல்ட் அடப்டரில் சிவப்பு டேப் ஒட்டி வையுங்கள்.

உள் நினைவகத்தில் எழுதும்போது கரண்ட் போனால் பொக்ஸ் செங்கல்போல முடங்கிவிடலாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதற்கே இலங்கைத் தீவு முழுக்க இருண்டது. நம் மலையகக் காற்றில் கரண்ட் போவதைச் சொல்லவா வேண்டும். 5 வோல்ட் பொக்ஸ் என்றால், 2 அம்பியர் தரும் பவர்பேங்கில் பொருந்தும் வயரைப் போட்டு அந்த வேலையை முடியுங்கள்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வரும். எர்த் சரியில்லாத தோட்ட லயன் வீட்டில் சேர்ஜ் ப்ரொடெக்டர் வெறும் மல்டி பிளக்தான். வானம் இருளும்போதே பிளக், டிஷ் கேபிள், லேன் வயர் மூன்றையும் கழற்றுங்கள். பொக்ஸின் பிளக்கை மட்டும் பிடுங்கினால், டிஷ் கேபிளில் இறங்கும் மின்னல் டிவி வழியாக எச்டிஎம்ஐ வயரில் பொக்ஸுக்கும் வந்து சேரும்.