உண்ணிச்செடியை அகற்ற ஊரைக் கூட்டுவது எப்படி?

உலகெங்கும் பல்லுயிர் வளம் குன்றுவதற்கு அயல் களைச்செடிகள் ஒரு முக்கியக் காரணம். 1986-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நீலகிரியில், புல்வெளியையும் யானையின் மேய்ச்சலையும் உண்ணிச்செடி (லாண்டானா) என்னும் அயல் களை விழுங்கி வருகிறது. இதை அகற்ற ஆள் சேர்ப்பவர்கள் முதலில் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினரின் ஊர்களுக்குச் சென்று, காட்டை அறிந்த பெரியவர்களிடம் கேட்டறிய வேண்டும். கூட்டத்தையும் தேயிலை பறிப்பவர்கள் வீடு திரும்பிய பின்னரே வைக்க வேண்டும். அடுத்தது வனத்துறையின் அனுமதி.

மேலோடு வெட்டினால் செடி மீண்டும் தளிர்க்கும். ஆகவே காய்ப்பதற்கு முன்பே மண்ணுக்குச் சற்றுக் கீழே வேர்த்தண்டை வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, வெற்றிடத்தில் நாட்டுப் புல் விதைக்க வேண்டும்.

கூட்டம் கலையாதிருக்க வருமானமும் தேவை என்பது என் உறுதியான கருத்து. கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் இந்தத் தண்டுகளை இரும்புச் சட்டத்தின்மேல் வளைத்துச் செய்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. அவ்வகைப் பயிற்சியை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள்.