வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்து மட்கவைக்கவும் மறுசுழற்சிக்கு அனுப்பவும் ஒரு வழிகாட்டி

நகரக் குப்பையின் தலைவிதி, கிடங்கிலோ ஆலையிலோ அல்ல, ஈரக் குப்பையும் உலர் குப்பையும் ஒரே தொட்டியில் விழும் இடத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. எண்ணெய் ஊறிய தாளைக் காகித ஆலைகள் ஏற்பதில்லை. கூழில் அந்த எண்ணெய் நீரோடு கலக்காமல் திட்டுத்திட்டாக நின்று, புதிய தாளைக் கறைப்படுத்திவிடும். மறுபக்கம், காய்கறித் தோலோடு சேர்ந்து நைந்துபோன நெகிழித் துணுக்குகள் எந்தச் சல்லடைக்கும் சிக்காமல் உரத்தோடு வயலுக்குப் போகின்றன. பின்னர் எவ்வளவு செலவிட்டு இயந்திரத்தால் பிரித்தாலும் இழந்த தரம் திரும்பாது என்பதால், தூக்கிப் போடும் கையே பிரித்துப் போட வேண்டும்.

வீட்டில் மூன்று கலன்கள் போதும். சமையலறையில் ஈரக் குப்பைக்கு மூடியுள்ள சிறிய தொட்டியை வைத்து, அதன் அடியில் நெகிழிப் பைக்குப் பதிலாகப் பழைய செய்தித்தாளை விரியுங்கள். உலர் குப்பைக்குப் பெரிய சாக்கு ஒன்று வேண்டும். உள்ளே போகும் பொருள்கள் சுத்தமாக இருந்தால் ஒரு வாரம் வரை வைத்திருந்தாலும் நாற்றம் எழாது. பேட்டரி, பல்பு, வண்ணப்பூச்சு, காலாவதியான மருந்து ஆகியவற்றுக்குக் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் தனிப் பெட்டி வேண்டும்.

ஈரக் குப்பையை வீட்டிலேயே மட்கவைப்பதுதான் நாம் செய்யக்கூடிய காரியங்களில் ஆகப் பெரியது என்பது என் உறுதியான எண்ணம். குப்பை மேட்டில் காற்றில்லாமல் புதையும் உணவுக் கழிவு மீத்தேனை வெளியிடுகிறது; அதிலிருந்து கசியும் கறுப்பு நீர் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. இதே கழிவு காற்றோட்டத்தில் மட்கினால் உரமாகிறது. பக்கவாட்டிலும் அடியிலும் துளையிட்ட ஒரு வாளியில் காய்ந்த இலைகளை நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, ஒவ்வொரு நாளும் கழிவைச் சிறு துண்டுகளாக்கிப் போட்டு, அது முழுதும் மறையும்படி சருகையோ மரத்தூளையோ மேலே தூவுங்கள். நுண்ணுயிரிகளுக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு வரை வேண்டும். காய்கறிக் கழிவில் கார்பன் இந்த அளவுக்குக் குறைவாகவே இருக்கும் என்பதால்தான் சருகு அவசியமாகிறது; பலருடைய வாளி நாறுவதற்குச் சருகில் காட்டும் சிக்கனமே காரணம்.

ஈரப்பதத்தை அறிய ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்து பாருங்கள்: விரலிடுக்கில் ஓரிரு சொட்டு தலைகாட்டினால் பதம் சரி; நீர் ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும்; பிடி உதிர்ந்தால் நீர் தெளிக்க வேண்டும். அமோனியா நெடி அடித்தால் நைட்ரஜன் மிகுதி, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றுக் குறைவு என்று கொண்டு, முதலாவதற்குச் சருகையும் இரண்டாவதற்குக் கிளறிவிடுதலையும் மருந்தாக்குங்கள். சிறிய வாளியில் வெப்பம் போதிய அளவு ஏறாது. ஆகவே இறைச்சியையும் பால் பொருள்களையும் தவிர்ப்பது நல்லது. அடுக்குமாடிக் குடியிருப்பு போன்ற இடங்களில் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் அளவுக்குக் குவியல் அமைந்தால் உள்ளே 55 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும். அந்தச் சூடு சில நாள் நீடித்தால் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அழியும். மூன்று மாத அளவில் கருநிறமும் மண்வாசனையும் வந்துவிடும். ஐயமிருந்தால் சிறிதளவு உரத்தை ஈரத்தோடு பையில் இறுகக் கட்டிச் சில நாள் கழித்துத் திறந்து பாருங்கள். புளிப்பு வாடை அடித்தால் அது இன்னும் முதிரவில்லை.

உலர் குப்பையில் விதி எளிது: வழித்து, அலசி, காயவைத்துப் போட வேண்டும். சோப்பு தேவையில்லை, பாத்திரம் கழுவிய நீரே போதும். அலுமினியத்தை மறுசுழற்சி செய்தால், தாதுவிலிருந்து எடுக்கச் செலவாகும் ஆற்றலில் 95 சதவீதம் மிச்சமாவதால் ஒரு சிறு டப்பாவைக்கூட விட்டுவிடாதீர்கள். கண்ணாடிப் புட்டிகளோடு பீங்கானையோ சன்னல் கண்ணாடியையோ கலக்கக் கூடாது, அவை உருகும் வெப்பம் வேறு. நெகிழியின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1, 2 எண்ணிட்ட புட்டிகளுக்கும், 5 எண்ணிட்ட பொருள்கள் பலவற்றுக்கும் வாங்குவோர் உண்டு. 3 என்பது பி.வி.சி.; 1 எண்ணிட்ட புட்டிகளை உருக்கும் சூட்டில் அது சிதைந்து அமிலம் கக்கி, முழுத் தொகுதியையும் பழுப்பாக்கிவிடும். பளபளப்பான தின்பண்ட உறைகளில் நெகிழியும் உலோகப் படலமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் அவற்றைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். வாங்காமல் இருப்பதே வழி.

அபாயக் குப்பையில் லித்தியம் பேட்டரிகளிடம் தனிக் கவனம் வேண்டும். முனைகளில் ஒட்டுநாடா ஒட்டாமல் போட்டால், குப்பை வண்டியில் நசுங்கும்போது தீப்பற்றக்கூடும். பாதரசம் உள்ள குழல் விளக்குகளை உடையாமல் சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள்.

உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றி, மேலே பெரிதாக எழுதிவையுங்கள். ஊசிகளைத் துளைக்க முடியாத டப்பாவிலும், அணையாடைகளைத் தாளில் பொதிந்து அடையாளமிட்டும் கொடுங்கள். இவற்றை வெறுங்கையால் எடுக்க நேரும் தூய்மைப் பணியாளரை மனத்தில் வைத்தே ஒவ்வொரு பொட்டலத்தையும் கட்ட வேண்டும். பிரித்துக் கொடுத்த குப்பை வண்டியில் மீண்டும் ஒன்றாகக் கொட்டப்படுகிறதா என்பதையும் கவனியுங்கள்; அப்படி நடந்தால் பணியாளரிடம் சினம் கொள்ளாமல், வண்டியில் தடுப்புகளோ தனித்தனி நாள்களோ வேண்டும் என்று அண்டை வீட்டாரோடு சேர்ந்து உள்ளாட்சி நிர்வாகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.