சிறிய சார்ட்டர் பள்ளியின் மாணவர் கணக்கைப் படிக்கும் முறை

அமெரிக்க நகரங்களில் அரசு நிதியில், கட்டணம் வாங்காமல், தனி ஒப்பந்தத்தின் கீழ் இயங்கும் சார்ட்டர் உயர்நிலைப் பள்ளிகளில் பல மிகச் சிறியவை. அத்தகைய பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க எண்ணும் பெற்றோர் அதன் புள்ளிவிவரத்தில் முதலில் பார்க்க வேண்டியது சதவீதத்தை அல்ல, தலைக்கணக்கையே. 120 பேர் படிக்கும் பள்ளியில் பூர்வகுடி மாணவர்கள் 6 பேர் என்றால் அது 5 சதவீதம். அவர்களில் ஓர் அண்ணனும் தங்கையும் வேறு ஊருக்குப் போய்விட்டால் அதுவே 3.4 சதவீதமாகிவிடும். ஒரு குடும்பம் வீடு மாறியதைப் பள்ளியின் போக்கு என்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே குறைந்தது ஐந்து ஆண்டுகளின் எண்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் தளத்தில் பள்ளிவாரியாக இக்கணக்கு கிடைக்கும். அது அக்டோபர் முதல் தேதியை ஒட்டி எடுக்கப்படுவது. அதன்பின் விலகியவர்களும் சேர்ந்தவர்களும் அதில் தெரிய மாட்டார்கள். மே மாதத்தில் எத்தனை பேர் எஞ்சினார்கள் என்பதைப் பள்ளி அலுவலகத்திடமே கேளுங்கள்.

வகுப்புவாரி எண்களைச் சாய்வாகப் படிக்க வேண்டும். இவ்வாண்டின் ஒன்பதாம் வகுப்பை இவ்வாண்டின் பன்னிரண்டாம் வகுப்போடு ஒப்பிட்டால் இரு வேறு கூட்டங்களைத்தான் ஒப்பிடுகிறோம். இவ்வாண்டு ஒன்பதில் 45 பேர் இருந்தால், அடுத்த ஆண்டு பத்தில் எத்தனை பேர், அதற்கடுத்த ஆண்டு பதினொன்றில் எத்தனை பேர் என்று தொடருங்கள். சரிவு இருந்தால் காரணத்தைத் தயங்காமல் கேளுங்கள். பெற்றோருக்கு அது உரிமை.

இனவாரிக் கணக்கில்தான் அதிகக் கவனம் தேவை. ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தோர்), பூர்வகுடி, ஆசியர், கறுப்பினத்தவர், பசிபிக் தீவினர், வெள்ளையர், பல இனத்தவர் என்று ஏழு தலைப்புகள். ஹிஸ்பானிக் என்று பதிந்தவர் எந்த இனத்தவராயினும் அத்தலைப்பில் மட்டுமே எண்ணப்படுவார். மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் தென்கிழக்கு ஆசிய இனங்களான மொங், கரேன் குடும்பங்களின் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளையும் இதில் ‘ஆசியர்’தான்; சோமாலியாவிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை ‘கறுப்பினத்தவர்’. எனவே வீட்டில் பேசும் மொழிகளையும், ஆங்கிலம் கற்பவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால்தான் வகுப்பறையின் முகம் தெரியும்.

வறுமையை அளக்க இலவச, சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்ற மாணவர்களின் விகிதத்தையே நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். 2010ஆம் ஆண்டுப் பள்ளி உணவுச் சட்டத்தின்படி வந்த ஏற்பாட்டில் பல பள்ளிகள் விண்ணப்பமே வாங்காமல் அனைவருக்கும் உணவளிக்கின்றன. அங்கே அந்த எண்ணைக் கொண்டு ஆண்டுகளை ஒப்பிட வேண்டாம்.

ஒப்பீட்டுக்கு மாநிலச் சராசரியை எடுக்காமல், அதே நகரின் உயர்நிலைப் பள்ளிகளை எடுங்கள். பள்ளி யாருக்காகத் தொடங்கப்பட்டது என்பதையும் மறவாதீர்கள். 1991இல் மினசோட்டா இயற்றிய நாட்டின் முதல் சார்ட்டர் சட்டத்தின் கீழ், 1992இல் செயின்ட் பாலில் திறக்கப்பட்ட சிட்டி அகாடமி, படிப்பை இடையில் விட்ட இளைஞர்களுக்காகவே உருவானது. இத்தகைய பள்ளிகளில் நான்கு ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடிப்போர் விகிதம் தாழ்ந்திருப்பது இயல்பு. அம்மாநிலம் ஏழாண்டு விகிதம் வரை வெளியிடுகிறது, அதையும் எடுத்துப் பாருங்கள்.